ஸ்பானிஷில் இரவுச் சாப்பாடு: சொற்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பானிஷ் கற்கும் தமிழர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் கற்கிறோம். செயலி, புத்தகம், காணொளி எல்லாம் அப்படித்தான் கிடைக்கின்றன. சாப்பாட்டு மேசைப் பேச்சில் வரும் பல தவறுகளுக்கு இதுவே காரணம். தமிழிலிருந்து நேராகப் போனால் சுலபமாக இருக்கும் இடங்களில் நாம் வீணாகத் தடுமாறுகிறோம்.

பசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில அமைப்பை அப்படியே மாற்றி 'சோய் ஆம்ப்ரே' என்று சொல்பவர்கள் உண்டு. அது 'நான் பசி' என்று சொன்னதுபோல் ஆகிவிடும். 'தெங்கோ ஆம்ப்ரே', அதாவது 'எனக்குப் பசி இருக்கிறது' என்பதே சரி. 'ஆம்ப்ரே'யை ஸ்பானிஷில் எழுதும்போது முன்னால் வரும் 'h' எழுத்துக்கு ஒலியே கிடையாது.

பிடிக்கும் என்று சொல்வதில் இன்னும் பெரிய வசதி இருக்கிறது. 'மே குஸ்தா எல் அர்ரோஸ்' என்றால் 'எனக்குச் சோறு பிடிக்கும்'. 'எனக்கு' என்று தொடங்குவதுவரை நம் வாக்கியமேதான். 'நான்' என்ற பொருள்படும் 'யோ'வில் தொடங்க வேண்டாம். ஒன்றை மட்டும் கவனிக்கவும்: பிடித்த பொருள் பன்மையானால் வினையும் பன்மையாகும். உருளைக்கிழங்கு பிடிக்கும் என்றால் 'மே குஸ்தான் லாஸ் பாப்பாஸ்'.

சூட்டுக்கும் காரத்துக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல் போதும். தமிழில் இரண்டு, ஸ்பானிஷிலும் இரண்டு: சூடு 'கல்யென்த்தே', காரம் 'பிக்கான்த்தே'. குழம்பு காரமா என்று கேட்க நினைத்து 'கல்யென்த்தே' என்றால், நன்றாகச் சூடாக இருக்கிறது என்று பதில் வரும்.

உச்சரிப்பிலும் இதே கதைதான். சாப்பாடு என்ற சொல்லை 'கொமிடா' என்கிறார்கள். 'கொமீதா' என்பதுதான் சரி, அதில் வரும் 'தா' நம் 'அது' என்ற சொல்லில் வருவதுபோல் மென்மையானது. தக்காளி 'தொமாத்தே', ஐஸ்கிரீம் 'எலாதோ'. இவற்றை ஆங்கில எழுத்தில் குறித்துவைக்காமல் தமிழ் எழுத்தில் குறித்துப் பாருங்கள், நாக்கு தானாக நல்ல இடத்துக்குப் போகும்.

அடுத்த தவறு, எந்த நாட்டு ஸ்பானிஷ் என்று முடிவு செய்யாமல் சொற்பட்டியலை மனப்பாடம் செய்வது. இரவு உணவுக்குப் பொதுச்சொல் 'ஸேனா'. ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கு நுனியைப் பல்லிடையே வைத்து ஏறக்குறைய 'தேனா' என்பார்கள், ஒன்பது பத்து மணிக்குத்தான் சாப்பிடுவார்கள். அங்கே 'கொமீதா' என்றால் மதியச் சாப்பாடும்கூட. கொலம்பியாவிலோ பலர் இரவு உணவையே 'கொமீதா' என்கிறார்கள். சிலியில் மாலையில் தேநீர், ரொட்டி, அவகாடோ என்று உட்காரும் 'ஒன்ஸே' பல வீடுகளில் இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாகிவிடுகிறது. 'தொர்த்தியா' ஸ்பெயினில் முட்டையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கனமான ஆம்லெட், மெக்சிகோவில் மக்காச்சோள ரொட்டி. எந்த ஊருக்குப் போகிறீர்களோ, யாரோடு பேசுகிறீர்களோ, முதலில் அவர்கள் சொற்களைப் படியுங்கள். மற்றவை அப்புறம் தானாக ஒட்டிக்கொள்ளும்.

கரண்டி, முள்கரண்டி, கத்தி என்று பெயர்களை மட்டும் சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. 'ஸேனா'வோடு 'ஸேனார்' என்ற வினையும் வர வேண்டும். 'இரவு உணவை உண்கிறேன்' என்று நீட்டத் தேவையில்லை, 'ஸேனோ' என்ற ஒரே சொல் போதும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'எல்' (பொதுவாக ஆண்பாலுக்கு), 'லா' (பெண்பாலுக்கு) இரண்டில் எது வரும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதிலும் தண்ணீர் ஏமாற்றும்: சொல்லும்போது 'எல் ஆக்வா', ஆனால் அது பெண்பால். அதனால் குளிர்ந்தது என்பதற்கு 'ஃப்ரியா' வரும், 'ஃப்ரியோ' வராது.

சைவ உணவுக்காரர்கள் செய்யும் தவறுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. 'ஸின் கார்னே', அதாவது இறைச்சி இல்லாமல், என்று மட்டும் சொல்லி நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பல இடங்களில் 'கார்னே' என்றதும் மாடு, பன்றி போன்றவையே நினைவுக்கு வரும். கோழியும் மீனும் அதில் சேராமல் போகலாம். ஸ்பெயினில் 'என்ஸலாதா மிக்ஸ்தா' என்ற சாலட்டில் சூரை மீன் இருப்பது சாதாரணம். பச்சைக் காய்கறி வதக்கலில் 'ஹமோன்' என்னும் பன்றித்தொடைத் துண்டுகள் கிடக்கும். மெக்சிகோவில் மசித்து வறுத்த பீன்ஸைப் பல சமையலறைகளில் 'மன்த்தேக்கா' என்ற பன்றிக்கொழுப்பில் செய்வார்கள். அதே சொல் அர்ஜென்டினாவில் வெண்ணெய்! எனவே முழுதாகச் சொல்லுங்கள்: 'நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ, நி ஹமோன்.' இறைச்சி, கோழி, மீன், ஹமோன் எதுவும் சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம். முட்டையும் வேண்டாமென்றால் கடைசியில் 'நி வேவோஸ்' சேர்க்கவும். சூப் வந்தால் 'யேவா கால்தோ தே போயோ?' என்று கேளுங்கள், கோழி வேகவைத்த சாறு சேர்த்திருக்கிறார்களா என்று அர்த்தம். இந்த இரண்டு வாக்கியங்களையும் விமானம் ஏறுவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிப் பழகிவிடுங்கள்.