நாதஸ்வரம் 32 புள்ளிக்குள் அடங்கும், குடம் அடங்காது

சுசீந்திரம் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் நாதஸ்வரத்தையும் வில்லுப்பாட்டுக் குடத்தையும் போனில் பதிந்து, கேம் பாய் என்ற பழைய கையடக்க வீடியோ கேம் கருவியின் இசைக்குக் கொண்டுவர முயன்றேன். அதன் வேவ் சேனல், நாம் தரும் ஒரு சிறு அலையைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் தடம். அதில் ஒரு அலைக்கு 32 புள்ளிகள், 16 உயரங்கள். அவ்வளவுதான் இடம்.

நீண்டு ஒலிக்கும் சுரத்தின் நடுப்பகுதியை எடுங்கள். அலை பூஜ்யக் கோட்டை மேல்நோக்கிக் கடக்கும் இடத்தில் தொடங்கி, சரியாக ஒரு சுற்றை வெட்டுங்கள். 44,100 ஹெர்ட்ஸ் பதிவில் 220 ஹெர்ட்ஸ் சுரத்துக்கு அது சுமார் 200 புள்ளி. அதை 32 ஆகச் சுருக்குமுன் 15-ஆம் ஹார்மானிக்குக்கு (சுரத்தின் அதிர்வெண்ணைப்போல் 15 மடங்கு) மேலுள்ளதை வடிகட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அவை கீழே மடங்கி வேறு ஒலியாகக் கேட்கும். பிறகு உயரத்தை 0 முதல் 15 வரை முழுதாக நிரப்புங்கள்.

நாதஸ்வரத்தின் கார்வை கிடைக்கும். ஊதும் நாணலான சீவாளியின் முதல் மூச்சும் கமகமும் அந்த ஒரு சுற்றில் இருக்காது. கமகத்தை டிராக்கர் என்ற இசை எழுதும் மென்பொருளில் பிட்ச் (சுருதி) வளைத்துக் கையால் எழுத வேண்டும். எனக்குப் பிடித்த வேலையே அதுதான்.

குடத்தைத் தட்டும் ஒலியில் திரும்பத் திரும்ப வரும் சுற்றே கிடையாது. எந்தத் துண்டை வெட்டினாலும் ஆர்மோனியம்போல் ரீங்கரிக்கும். வேவ் சேனலில் ஒலியளவும் முழுது, பாதி, கால், மௌனம் என நான்கே படி. தட்டிய ஒலி மெல்லத் தேயாது. குடத்துக்கு, சதுர அலை ஒலிக்கும் முதல் பல்ஸ் சேனலின் ஸ்வீப்பை (சுருதியைத் தானே சறுக்கவிடும் வசதி) கீழிறக்கி, மேலே துளி நாய்ஸ் (இரைச்சல்) தூவுங்கள்.