தலையில் ஆறாத புண்ணா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

தலை வாரும்போது சீப்பில் ஏதோ தட்டுப்படுகிறது. தடவிப் பார்த்தால் சின்னதாக ஒரு பொருக்கு. நகத்தால் கிள்ளி எடுக்கிறோம், லேசாக ரத்தம் கசிகிறது, சீப்பு கீறியிருக்கும் என்று விட்டுவிடுகிறோம். பத்து நாள் கழித்து அதே இடத்தில் மறுபடியும் பொருக்கு. தலைத்தோலில் வரும் புற்றுநோய் பல பேருக்கு இப்படி வலியே இல்லாமல்தான் ஆரம்பிக்கிறது.

இதில் பெரிய தவறு, பொருக்கு உதிரும் ஒவ்வொரு தடவையும் "சரி, ஆறிவிட்டது" என்று நினைத்து நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்குவது. முதன்முதலில் தட்டுப்பட்ட தேதியைக் குறித்து வையுங்கள். 4 வாரம் தாண்டியும் ஆறவில்லை, இல்லை ஆறி ஆறித் திரும்ப வருகிறது என்றால் தோல் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். வலிக்கட்டும் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள்.

பொடுகு என்று நினைத்து ஷாம்பூவை மாற்றிக்கொண்டே இருப்பவர்களும் உண்டு. பொடுகு பெரும்பாலும் பரவலாக உதிரும். ஒரே இடம் மட்டும் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருந்தால், அதுவும் வழுக்கை விழுந்த தலையில் என்றால், பல வருட வெயில் செய்த சேதமாக இருக்கலாம். அதில் சில பின்னாளில் புற்றாக மாறும்.

கறுப்பு மச்சத்தை மட்டும் தேடுவதும் தப்பு. முத்து போல மினுங்கும் சிறு கட்டி, வேகமாக வளரும் சிவந்த முடிச்சு, பழைய தீக்காயத் தழும்பில் திடீரென்று வரும் புண் எல்லாவற்றையும் கவனிக்க வேண்டும். மச்சமாக இருந்தால் ஓரம் ஒழுங்கில்லாமல், இரண்டு மூன்று நிறம் கலந்து, 6 மில்லிமீட்டருக்கு மேல் வளர்கிறதா என்று பாருங்கள். அதைவிடச் சிறியதாக இருந்தாலும், மாறிக்கொண்டே இருந்தால் காட்டிவிடுங்கள். அழகுக்காக மச்சத்தைச் சுட்டு எடுக்கவே கூடாது, புற்றா என்று சோதிக்கும் பயாப்ஸிக்கு அனுப்பத் திசுவே மிஞ்சாது.

முடிதான் மறைக்கிறதே என்று நம்பாதீர்கள், வகிட்டிலும் உச்சியிலும் வெயில் நேராகவே விழுகிறது. கறுத்த தோலுக்கு ஆபத்து குறைவுதான், ஆனால் வராது என்றில்லை. எதிர்பார்க்காததால் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

மாதம் ஒருமுறை வீட்டில் யாரிடமாவது உங்கள் முடியை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் மறக்காமல் பார்க்க வேண்டும். ஏதாவது தெரிந்தால் பக்கத்தில் ஸ்கேல் வைத்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், மருத்துவரிடம் போகும்போது தேதியோடு காட்டலாம். அப்புறம், முடி வெட்டுபவர் "இங்கே என்னமோ இருக்குதே" என்று சொன்னால் சிரித்து மழுப்பாதீர்கள். உங்கள் கண்ணுக்கு எட்டாத இடத்தை அவர்தான் அத்தனை கிட்டத்தில் பார்க்கிறார்.