'லைன் ஆஃப் பண்ணியாச்சு' என்ற சொல்லை நம்பி ஏறாதீர்கள்

கம்பத்தடியில் நிற்பவரின் செல்போன் அடிக்கிறது. "ஆஃப் பண்ணியாச்சு, ஏறலாம்." பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறிவிடுகிறார். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் ஆவதில்லை. சிக்கலே அதுதான். நூறு தடவை ஒன்றும் ஆகாவிட்டால், நூற்றியோராவது தடவையும் அந்தச் சொல்லே போதும் என்று மனசு பழகிவிடும். மின்பாதை வேலையில் நடக்கும் தவறுகளில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். மற்றவற்றில் பாதி இதன் வயிற்றில் பிறந்தவை.

சுவிட்சை ஆஃப் செய்வது வேறு, லைனில் மின்சாரம் இல்லாமல் இருப்பது வேறு. ஒரே கம்பத்தில் இரண்டு ஃபீடர் (சப்-ஸ்டேஷனிலிருந்து வரும் மின்பாதை) போகும் இடத்தில், பக்கத்து ஃபீடரை நிறுத்திவிட்டு இதை நிறுத்தியதாக நினைத்திருப்பார்கள். அல்லது லைனைத் துண்டிக்கக் கம்பத்தின் மேலே வைத்திருக்கும் ஏ.பி. சுவிட்சின் கைப்பிடி ஒழுங்காக இறங்கியிருக்கும். மேலே மூன்று பிளேடுகளில் ஒன்று மட்டும் விலகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். பார்க்க வேண்டியது கைப்பிடியை அல்ல, பிளேடுகளை. மூன்றிலும் இடைவெளி கண்ணுக்குத் தெரிய வேண்டும். அப்புறம் பூட்டு, எச்சரிக்கை அட்டை. சாவி வேலை பார்ப்பவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தாலும் மின்சாரம் பின்வாசல் வழியாக வரலாம். டிரான்ஸ்பார்மர் ஒருவழிப் பாதை இல்லை. எங்கோ ஒரு வீட்டில் மாற்று சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை நேரடியாக வயரிங்கில் கொடுத்திருந்தால், அந்த 230 வோல்ட் தாழ்வழுத்தப் பக்கம் ஏறி, மறுபக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக வெளியே வரும். சப்-ஸ்டேஷனில் பிரேக்கர் (கோளாறு வந்தால் லைனைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) திறந்தே, அதாவது துண்டித்தே இருக்கும்; இங்கே கம்பி உயிரோடு இருக்கும். இணையாக ஓடும் உயரழுத்த லைனிலிருந்து வரும் தூண்டல் மின்சாரமும் இப்படித்தான் ஆளை அடிக்கும்.

அதனால்தான் டெஸ்டர். அதிலும் ஒரு தவறு உண்டு. டெஸ்டர் சத்தம் போடவில்லை என்றால் லைனில் மின்சாரம் இல்லை என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். டெஸ்டரில் பேட்டரி தீர்ந்திருந்தாலும் அது சத்தம் போடாது. முதலில் மின்சாரம் இருக்கும் இடத்திலோ சோதனைக் கருவியிலோ வைத்து அது பேசுகிறதா என்று பாருங்கள். பிறகு வேலை செய்யும் லைனில், ஒவ்வொரு கம்பியிலும் வையுங்கள். முடிந்ததும் மறுபடி மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாவது படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். நடுவில் கருவி செத்திருந்தால் காட்டிக்கொடுப்பது அது ஒன்றுதான்.

எர்த் போடும், அதாவது லைனைத் தரையோடு இணைக்கும் இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். எர்த் ராடு லைனில் தேங்கிய மின்சாரத்தை இறக்குவதற்கு மட்டும் இல்லை. நீங்கள் மேலே இருக்கும்போது யாராவது தெரியாமல் லைனை சார்ஜ் செய்துவிட்டால், அதாவது மின்சாரம் கொடுத்துவிட்டால், அந்த மின்னோட்டம் எர்த் வழியே பெரிதாகப் பாய்ந்து பிரேக்கரை உடனே விழவைக்க வேண்டும். கையில் கிடைத்த மெல்லிய கம்பியைச் சுற்றி வைப்பது இதற்கு உதவாது. பிரேக்கர் விழுவதற்கு முன்பே அது உருகிப் போகலாம். வரிசையும் முக்கியம். முதலில் தரைப்பக்கக் கிளாம்ப், பிறகுதான் காப்பிடப்பட்ட கோலால் லைன் பக்கம். எடுக்கும்போது நேர் தலைகீழ்: லைன் முதலில், தரை கடைசியில். மாற்றிச் செய்தால் தரைக்குப் போக வழியில்லாத அந்த ஒயர், லைனிலிருந்து உங்கள் கைக்கு நீட்டிய ஒயர் ஆகிவிடும். இன்னொன்று, நாலு கம்பம் தள்ளி எர்த் போட்டிருக்கிறது என்ற தைரியத்தில் இங்கே ஏறக் கூடாது. வேலை செய்யும் இடத்தில் போட்டு, கம்பத்தையும் அதோடு இணைத்தால்தான் உங்கள் கைக்கும் காலுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு குறையும்.

எவ்வளவு மின்சாரம் ஆளைக் கொல்லும்? 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் குண்டு பல்பு சுமார் கால் ஆம்பியர் இழுக்கும். அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 50 மில்லி ஆம்பியர், மார்பு வழியே பாய்ந்தால் இதயத்துடிப்பு குலைந்துவிடலாம்.

ரப்பர் கையுறை விஷயத்துக்கு வருவோம். கையுறை இருக்கிறதா என்று கேட்டால் இருக்கும், வண்டியில் ஸ்பேனர்களுக்கு அடியில். ஊசிமுனை அளவு துளை போதும், அது கையுறை இல்லை. ஒவ்வொரு முறையும் மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து இறுக்கிச் சுருட்டுங்கள். உள்ளே அடைபட்ட காற்றில் விரல்கள் உப்பும். கன்னத்தருகே கொண்டுபோய் அழுத்துங்கள். கசிவு இருந்தால் காற்று தோலில் படும், உஸ்ஸென்று காதில் விழும். அரை நிமிட வேலை. மேலே தோல் உறை கட்டாயம், ரப்பரைக் கிழியாமல் காப்பது அதுதான். வகையையும் பாருங்கள்: 0 வகுப்புக் கையுறை 1,000 வோல்ட் வரைக்கும்தான், 2-ம் வகுப்பு 17,000 வோல்ட் வரை. கையில் ரப்பர் இருக்கிறது என்று மட்டும் நம்பித் தொட்டால், எந்த ரப்பர் என்று லைன் கேட்கும்.

உடுப்பில் பாலியஸ்டர் வேண்டாம். மின்தீப்பொறியில் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மோதிரம், உலோகச் சங்கிலி, கைக்கடிகாரம் கீழேயே இருக்கட்டும்.

சிறிய அதிர்ச்சிதானே, தாங்கிக்கொள்ளலாம் என்பவர்கள் உயரத்தை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1891-ல் மின் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரான ஹென்றி மில்லர் ஒரு லைன்மேன். 1896-ல் வாஷிங்டனில் வேலையின்போது மின்சாரம் தாக்கி, கம்பத்திலிருந்து விழுந்து இறந்தார். ஏறும்போதும் தடையைத் தாண்டும்போதும் ஏதாவது ஒரு கொக்கி எப்போதும் மாட்டியிருக்க வேண்டும். மரக்கம்பமாக இருந்தால் ஏறுவதற்கு முன் சுத்தியலால் சுற்றிலும் தட்டுங்கள். நல்ல மரம் கணீரென்று கேட்கும், உளுத்தது மொத்தென்று கேட்கும்.

அறுந்து கிடக்கும் கம்பியைக் காலால் ஒதுக்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது பொறி விடவில்லை, ஆகவே செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். தரையில் மின்னழுத்தம் வட்டம் வட்டமாகப் பரவியிருக்கும். இரண்டு கால்களையும் அகட்டி வைத்தால் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மின்சாரம் ஓடும். மாட்டிக்கொண்டால் பாதங்களைச் சேர்த்து, தரையிலிருந்து தூக்காமல் தேய்த்தபடி விலகுங்கள்.

வேலை முடியும் நேரம் ஆரம்பத்தைவிட ஆபத்து. எல்லாருக்கும் வீட்டு நினைப்பு வந்திருக்கும். "மூணு மணிக்கு ஆன் பண்ணிடுங்க" என்று முன்கூட்டியே நேரம் பேசிவைப்பதுபோல மடத்தனம் வேறு இல்லை. மூன்று மணிக்கு ஒருவர் ஜம்பர் (கம்பிகளை இணைக்கும் துண்டு ஒயர்) முறுக்கிக்கொண்டிருப்பார். ஆட்களை எண்ணி, எர்த்துகளை எண்ணி, எழுதி வாங்கிய லைன் கிளியரை (லைனில் வேலை செய்யலாம் என்ற அனுமதியை) வாங்கியவரே திருப்பிக் கொடுத்த பிறகுதான் சார்ஜ்.

இனி பயிற்சி. ஒரு அறையில் உட்காரவைத்து, படம் போட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினால் பயிற்சி முடிந்தது என்று கணக்கு எழுதுகிறார்கள். புதிதாக வந்தவர் அந்த அறையில் கற்றதை மறுநாளே கம்பத்தடியில் மறக்கிறார், ஏனென்றால் மூத்தவர் கையுறை போடவில்லை. மூத்தவரைத் திருத்தாமல் இளையவருக்கு வகுப்பு எடுப்பது வீண் வேலை. மயிரிழையில் தப்பிய சம்பவத்தைச் சொன்னவரைத் திட்டினால், அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

எல்லாவற்றையும்விட விடுபட்டுப் போவது மீட்பு ஒத்திகை. கம்பத்தில் மயங்கித் தொங்குபவருக்கு மேலேயே மார்பழுத்தம் கொடுக்க முடியாது. லைன் செத்துவிட்டதா என்று உறுதிசெய்து, கயிற்றில் இறக்கி, சமதரையில் கிடத்தி, குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் அவர் பிழைக்கும் வாய்ப்பு சரியும். ஒரு முழு ஆள் எடையுள்ள பொம்மையை மேலே கட்டிவைத்து, கையில் கடிகாரத்தோடு ஒருமுறை செய்து பாருங்கள். முதல் ஒத்திகையில் பாதி நேரம் கயிறு எங்கே இருக்கிறது என்று தேடுவதிலேயே போய்விடும்.