பவளத் தொட்டிக்கு எல்.இ.டி. விளக்கை அமைக்கும் முறை

உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியின் விளக்கைக் கண்ணால் பார்த்து அமைத்தால் பெரும்பாலும் தப்பாகத்தான் முடியும். கோளாறு கண்ணில்தான். பவளத்தின் சதைக்குள் இருந்து அதற்கு உணவு தயாரித்துக் கொடுக்கும் சூசாந்தெல்லே பாசி, 400 முதல் 500 நானோமீட்டர் வரையுள்ள ஊதா, நீல ஒளியை நன்றாக உறிஞ்சும். நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவது பச்சை. ஒரே ஆற்றல் கொண்ட ஒளியாக இருந்தாலும், 555 நானோமீட்டர் பச்சையோடு ஒப்பிட்டால் 450 நானோமீட்டர் நீலம் சுமார் 4 சதவீதப் பிரகாசமாகத்தான் தோன்றும். "மங்கலா இருக்கே" என்று விளக்கின் நீல சேனலை (தனியாகக் கூட்டிக் குறைக்கக்கூடிய நீல நிறப் பகுதியை) 100 சதவீதத்துக்கு ஏற்றிவிடுவோம். சில நாளில் டார்ச் பவளம் சுருங்கிக் கிடக்கும். லக்ஸ் மீட்டரும் செல்போன் ஆப்பும் மனிதக் கண்ணுக்கு ஏற்ப அளப்பவை, அதனால் அவையும் நீலத்தைக் குறைத்தே காட்டும்.

அளக்க வேண்டியது பி.ஏ.ஆர். அதாவது 400 முதல் 700 நானோமீட்டருக்குள், ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு விழும் ஒளித்துகள்கள், மைக்ரோமோல் கணக்கில். எல்.இ.டி.யைச் சரியாகப் படிக்கும், தண்ணீருக்குள் இறக்கக்கூடிய சென்சார் உள்ள மீட்டர் வேண்டும். விலை அதிகம், ஒரு நாளைக்கு இரவலோ வாடகையோ போதும். விளக்கை நீர்ப்பரப்புக்கு மேல் 20–25 செ.மீ. உயரத்தில் நிறுத்திவிட்டு, பவளம் உட்காரப்போகும் இடத்திலேயே சென்சாரை வையுங்கள், அதன் முகம் நேர் மேலே பார்க்கட்டும். கொஞ்சம் சாய்ந்தாலே எண் இறங்கும். வேவ்மேக்கரை (நீரோட்டம் உண்டாக்கும் பம்ப்பை) நிறுத்தக் கூடாது. நீர்ப்பரப்பு அசைய அசைய எண் 180, 240, 205 என்று குதிக்கும். 20 விநாடி கவனித்து நடுவாக வரும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். மணல், பாறையின் இடுப்பு, உச்சி என மூன்று உயரத்திலும், ஒவ்வொன்றிலும் நடுவிலும் மூலையிலும் அளக்க வேண்டும். ஒற்றை விளக்கு தொங்கும் தொட்டியில் நடுவில் இருப்பதில் பாதிகூட மூலையில் இருக்காது.

விளக்கு உச்சத்தில் எரியும் நேரத்தில் ஒவ்வொரு பவள வகைக்கும் பி.ஏ.ஆர். இலக்கை இப்படி வைத்துக்கொள்ளலாம்:

மஷ்ரூம்: 50–100
அக்கான்: 60–100
சோவாந்தஸ், டார்ச், ஹேமர்: 80–150
லெதர்: 100–150
மான்டிபோரா: 150–250
அக்ரோபோரா: 250–350

இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கடினப் பவளங்கள் எல்லாம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அக்ரோபோரா மட்டுமல்ல, டார்ச், ஹேமர், அக்கானும் கடினப் பவளம்தான். மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யாராவது ஒரு துண்டை நீட்டினால் தொடவே தொடாதீர்கள். மஷ்ரூம், சோவாந்தஸ், லெதர் மூன்றும் அந்த இனத்தில் சேராதவை.

நேரத்துக்கு வருவோம். இரண்டு மணி நேர ஏற்றம், ஆறு மணி நேர உச்சம், இரண்டு மணி நேர இறக்கம். ஆக 10 மணி. இது 8 மணி நேர முழு வெளிச்சத்துக்குச் சமம். உச்சம் 200 என்றால் ஒரு நாளைக்கு 200 × 8 × 3600, அதாவது 5.76 மோல். பவளம் இந்த மொத்தத்தையும் உணர்கிறது. ஆகவே மணியையும் சதவீதத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். இரவு முழுக்க நீல விளக்கு எரியவும் தேவையில்லை.

சேனல்களில் ராயல் ப்ளூ, ப்ளூ, வயலட் மூன்றையும் ஒரே அளவில் வைத்து, அதை 100 என்று கொண்டால் வெள்ளை 20–30, சிவப்பும் பச்சையும் 5க்குள் போதும். சிவப்பைக் கூட்டினால் கண்ணாடியில் பாசிதான் கொழுக்கும். இந்த விகிதத்தை ஒருமுறை வைத்துவிட்டு, பிறகு மொத்த அளவை மட்டும் ஏற்றி இறக்குங்கள். நிறம் வரவில்லை என்று தினமும் சேனலை நோண்டுகிறவர்கள்தான் அதிகம். அந்தப் பழக்கம் எந்தத் தொட்டிக்கும் நல்லதல்ல. பவளத்தில் இரண்டு விதமான நிறம் இருக்கிறது. பச்சை, ஆரஞ்சு போல ஜொலிப்பது ஒளிரும் புரதம். நீல ஒளி பட்டால் போதும், மின்னும். அக்ரோபோராவின் கத்தரிப்பூ நிறமும் அடர் நீலமும் பல நேரம் ஒளிராத புரதம். கடும் வெளிச்சத்துக்குப் பவளம் பிடிக்கும் குடை அது. போதிய பி.ஏ.ஆர். இல்லாவிட்டால் உருவாகாது, உருவானாலும் வெள்ளை ஒளி இல்லாவிட்டால் நம் கண்ணுக்குத் தெரியாது. நீலத்தை மட்டும் கூட்டிவிட்டு 'பர்ப்பிள் போச்சு' என்று வருந்துவதில் அர்த்தமில்லை.

பழைய விளக்கை மாற்றுவதாக இருந்தால், கழற்றும் முன் அதன் பி.ஏ.ஆரை அளந்து, புதியதை அதே எண்ணுக்கு இறக்கித் தொடங்குங்கள். அளக்க வழியில்லை என்றால் 40 சதவீதத்தில் ஆரம்பித்து வாரம் 5 சதவீதம் ஏற்றலாம். புதிய பவளத்தை 50–75 கிடைக்கும் மணல் ஓரத்தில் பத்து நாள் வைத்து, பிறகு வாரம் ஒரு படியாக மேலே கொண்டு போங்கள். மின்வெட்டு வந்தால் இன்வெர்ட்டரில் வேவ்மேக்கரைத்தான் மாட்ட வேண்டும். ஒன்றிரண்டு நாள் வெளிச்சம் இல்லாவிட்டாலும் பவளம் தாங்கும். நீரோட்டம் இல்லாவிட்டால் தாங்காது.

பவளம் வெளுத்தால் உடனே விளக்கின் மேல் பழி போடாமல், எந்தப் பக்கம் வெளுத்திருக்கிறது என்று பாருங்கள். விளக்கைப் பார்த்த மேல் பக்கம் வெளுத்து, நிழல் விழும் அடிப்பக்கம் பழுப்பாகவே இருந்தால் ஒளி அதிகம். 20 சதவீதம் குறையுங்கள், அல்லது பவளத்தைக் கீழே இறக்குங்கள். மேலும் கீழும் ஒரே சீராக வெளிறியிருந்தால் பெரும்பாலும் பட்டினி: நைட்ரேட், பாஸ்பேட் பூஜ்யமாக இருக்கும். நைட்ரேட்டை 5–10 பி.பி.எம்., பாஸ்பேட்டை 0.03–0.1 பி.பி.எம். அளவுக்குக் கொண்டு வாருங்கள். கிளை நுனி மட்டும் கருகியதுபோல் வெள்ளையானால் கே.ஹெச். (நீரின் கார்பனேட் காரத்தன்மை) அளவைச் சோதியுங்கள். முழுவதும் பழுப்பேறினால் ஒளி குறைவு, அல்லது சத்து அதிகம். காம்பு நீண்டு மேல்நோக்கி எட்டிப் பார்க்கும் சோவாந்தஸ் வெளிச்சம் போதவில்லை என்கிறது.

விளக்கைத் தொடாமலேயே பி.ஏ.ஆர். எகிறும் நாட்களும் உண்டு. மாதக்கணக்கில் மஞ்சளேறிய தண்ணீரில் நீரை வடிகட்டும் புதிய கார்பனைப் (கரித்துகளைப்) போட்டால் ஒரே நாளில் நீர் தெளிந்து, நீல ஒளி கூடுதலாகக் கீழே இறங்கும். லென்ஸில் படிந்த உப்பைத் துடைத்தாலும் அப்படித்தான். கார்பனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், லென்ஸை ஆர்.ஓ. தண்ணீர் தொட்ட துணியால் மாதம் ஒருமுறை துடையுங்கள். நெடுநாள் விட்டுத் துடைத்தால் அன்று 10 சதவீதம் இறக்கி, இரண்டு வாரத்தில் பழைய அளவுக்குக் கொண்டு வாருங்கள்.

ஒளி கூடினால் எலும்பு வளர்ச்சியும் கூடும், அதனால் கே.ஹெச். வேகமாகக் குறையும். ஒவ்வொரு முறை ஏற்றிய பிறகும் ஒரு வாரத்துக்குத் தினமும் ஒரே நேரத்தில் சோதித்து, 8–9 டி.கே.ஹெச்.க்குள் நிற்கும்படி டோசிங்கை (கே.ஹெச்.சைக் கூட்டும் கரைசலை ஊற்றும் அளவை) மாற்றுங்கள். அது நிலைக்கும் வரை அடுத்த 5 சதவீதத்தை ஏற்றாதீர்கள்.