சால்டரிங் அயர்ன் முனையை அரத்தால் ராவாதீர்கள்

மின்கம்பிகளையும் பாகங்களையும் ஈயத்தை உருக்கி ஒட்டப் பயன்படும் சால்டரிங் அயர்ன்களில் என் முதல் அயர்னை நானேதான் பாழாக்கினேன். பள்ளி விடுமுறையில் வாங்கியது, 25 வாட். இரண்டு வாரத்தில் முனை கறுத்துப்போய், ஈயம் ஒட்டாமல் உருண்டு உருண்டு மேஜையில் விழ ஆரம்பித்தது. தெருமுனையில் ரேடியோ பழுதுபார்க்கும் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "அரத்தை வச்சு ரெண்டு ராவு ராவு, பளபளன்னு ஆயிடும்" என்றார். ராவினேன். செம்பு நிறத்தில் மின்னியது. அன்று மாலை ஈயம் அருமையாக ஒட்டியது. மூன்றே வாரத்தில் முனையில் குழி விழுந்து, கரையான் அரித்த குச்சி போல ஆகிவிட்டது.

அண்ணன் தவறாகச் சொல்லவில்லை. அவர் தொழில் கற்ற காலத்தில் முனை என்பது வெறும் செம்புத் துண்டு. ஒட்டுவதற்கு நாம் ஈயம் என்று சொல்வது பெரும்பாலும் வெள்ளீயமும் காரீயமும் கலந்த கலவை. அது உருகும்போது அதில் இருக்கும் வெள்ளீயம் செம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளும், தண்ணீரில் சர்க்கரை கரைவது போல. குழி விழும், ராவிச் சமமாக்குவார்கள், தேய்ந்து தீர்ந்தால் வேறு துண்டு போடுவார்கள். இப்போது கிடைக்கும் முனைகளில் பெரும்பாலானவை அப்படியில்லை. உள்ளே செம்பு, அதன் மேல் இரும்பு முலாம், நுனிக்குப் பின்னால் ஈயம் ஏறாமலிருக்க குரோமியப் பூச்சு. வெப்பத்தைக் கடத்துவது செம்பு, அந்தச் செம்பைக் காப்பது இரும்பு. அரமோ உப்புத்தாளோ பட்டால் அந்த மெல்லிய இரும்புப் படலம் போய்விடும். அப்புறம் என்ன செய்தாலும் அந்த முனை பிழைக்காது.

உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரியவில்லையா? முனை ஆறிய பிறகு ஒரு சிறு காந்தத்தை அருகே கொண்டுபோங்கள். ஒட்டினால் மேலே இரும்பு இருக்கிறது, அரத்தைப் பெட்டிக்குள் வையுங்கள். ஒட்டவில்லையென்றால் வெறும் செம்பு, அண்ணன் சொன்னபடியே செய்யலாம்.

சரி, ராவக்கூடாது என்றால் கறுப்புக்கு என்ன வழி? அந்தக் கறுப்பு பெரும்பாலும் இரும்பு காற்றோடு சேர்ந்து உண்டாகும் ஆக்சைடு, கூடவே தீய்ந்துபோன ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாகப் பிடிக்க உதவும் பொருள்). இதைப் போக்குவதைவிட வராமல் தடுப்பது எளிது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவரைப் பார்த்திருந்தால் சட்டென்று புரியும். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைத் தொட்டுத் துணியால் இழுத்துவிடுவார். நாம் முனைக்குச் செய்ய வேண்டியதும் அதுதான். புது அயர்ன் முதன்முறை சூடேறும்போதே ஈயக் கம்பியை நுனியில் வைத்துப் பூசிவிட வேண்டும். வேலை முடிந்து அணைக்கும்முன் நுனியில் தாராளமாக ஒரு சொட்டு ஈயம் விட்டு அப்படியே ஆறவிட வேண்டும். பலர் செய்வது நேரெதிர்: கடைசியில் பளிச்சென்று துடைத்து ஸ்டாண்டில் வைக்கிறார்கள். சுத்தமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்தான், ஆனால் சூடான வெற்று இரும்பு காற்றில் ஐந்து நிமிடம் இருந்தாலே கறுக்கத் தொடங்கும். (நவச்சாரத்தை மட்டும் சர்க்யூட் பக்கம் கொண்டுவராதீர்கள். மிச்சம் தங்கினால் செம்புத் தடங்களை அரித்துவிடும்.)

ஏற்கெனவே கறுத்துவிட்டதா? சூட்டை 300 டிகிரி அளவுக்குக் குறைத்து, ரோசின் (பைன் மரப் பிசின்) ஃபிளக்ஸில் நனைத்து, புது ஈயம் கொடுத்து, பித்தளைச் சுருளில் குத்தி எடுங்கள். ஐந்தாறு தடவை செய்தால் பெரும்பாலும் திரும்பி வரும். பித்தளைச் சுருள் என்றால் பித்தளைச் சுருள்தான். சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார் முலாமைக் கீறிவிடும். ஸ்பாஞ்ச் பயன்படுத்துபவர்கள் சொட்டச் சொட்ட நனைக்காமல், பிழிந்து ஈரமாக மட்டும் வைத்துக்கொண்டால் போதும். போர்வெல் தண்ணீரைவிட இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் நல்லது, உப்பு படியாது.

இனி வாங்கும் இடத்துக்கு வருவோம். மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் நின்றுகொண்டு "எத்தனை வாட்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். வாட் என்பது சூட்டின் அளவு அல்ல, எவ்வளவு வேகமாக வெப்பத்தைத் தர முடியும் என்பதன் அளவு. சாதாரண 25 வாட் அயர்னில் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. சும்மா வைத்திருந்தால் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிற்கும், தடித்த கம்பியைத் தொட்டதும் மளமளவென்று இறங்கும். இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை: வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 190-க்கு இறங்கினால் உங்கள் 25 வாட் வெறும் 17 வாட் ஆகிவிடும். கோடைக்கால மாலையில் ஈயம் உருகமாட்டேன் என்று அடம்பிடித்தால் அயர்னைத் திட்டுவதற்கு முன் மின்விசிறியின் வேகத்தைப் பாருங்கள்.

அதற்காக 25 வாட் வீண் என்று சொல்ல மாட்டேன். மாதம் இரண்டு எல்இடி, ஒரு ஹெட்போன் கம்பி ஒட்டுபவருக்கு அதுவே போதும். அடிக்கடி வேலை செய்பவர் சூட்டைக் கட்டுப்படுத்தும் அயர்னுக்குப் போகலாம். இங்கேதான் அடுத்த ஏமாற்றம். கைப்பிடியில் ஒரு குமிழும் 200 முதல் 450 வரை எண்களும் இருந்தால் கட்டுப்பாடு இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். மலிவான பலவற்றில் அது மின்விசிறி ரெகுலேட்டர் போன்ற ஒன்றுதான். முனை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. வெப்ப உணரி உள்ளே இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஹாக்கோ நிறுவனத்தின் 936 மாதிரியைப் பின்பற்றி வந்தவற்றில் ஹீட்டருக்குள்ளேயே உணரி இருக்கும், 900எம் வகை முனைகளும் எங்கும் கிடைக்கும். டி12 வகையில் ஹீட்டர், உணரி, முனை மூன்றும் ஒரே துண்டு, அதனால் சட்டென்று சூடேறும். பைன்சில் போன்ற பேனா அயர்ன்களும் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் பழைய 5 வோல்ட் போன் சார்ஜரில் சொருகிவிட்டுச் சூடாகவில்லை என்று புலம்பக்கூடாது. அவற்றுக்கு அதிக வோல்ட் தரும் யுஎஸ்பி-சி பிடி சார்ஜரோ 12 முதல் 24 வோல்ட் டிசியோ வேண்டும்.

எதை வாங்கினாலும் மாற்று முனை கிடைக்குமா என்பதை முதலில் கேளுங்கள். நேரடியாக 230 வோல்ட்டில் ஓடும் அயர்ன் என்றால் மூன்று முள் பிளக் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு முள் அயர்னின் முனையை டெஸ்டரால் தொட்டால் சில நேரம் மினுக்கென்று எரியும். அந்தக் கசிவு நமக்குப் பெரிதாகத் தெரியாவிட்டாலும் மாஸ்ஃபெட் (ஒரு வகை டிரான்சிஸ்டர்) போன்ற பாகங்களைக் கெடுத்துவிடலாம். மூன்று முள் பிளக்கை எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகினால் அதுவும் இரண்டு முள்தான்.

முனை வடிவம்: ஊசி போல இருந்தால் நுட்பமான வேலைக்கு நல்லது என்று தோன்றும். ஊசி நுனி தொடும் பரப்பு மிகக் குறைவு, வெப்பம் இறங்காது. வெப்பம் இறங்காததால் சூட்டை 450-க்கு ஏற்றுவோம். ஏற்றினால் முனை இன்னும் சீக்கிரம் கறுக்கும், போர்டில் உள்ள செம்புத் தடம் பெயர்ந்து வரும். தட்டையான உளி வடிவில் 2.4 மில்லிமீட்டர் முனை ஒன்று வாங்குங்கள், பெரும்பாலான வேலை அதிலேயே முடியும். காரீயம் கலந்த ஈயத்துக்கு 320 முதல் 350 டிகிரி தாராளம். அது போதவில்லை என்றால் குறை முனையில் இருக்கிறது, குமிழில் இல்லை.

ஈயக் கம்பி, கடைக்காரர் மொழியில் 'லெட்'. பெயர் தெரியாத மலிவு லெட்டை வாங்கிவிட்டு அயர்னைக் குறை சொல்பவர்கள்தான் அதிகம். தனி வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், காரீயம் 327-இல். இரண்டையும் 63-க்கு 37 என்று கலந்தால் 183 டிகிரியிலேயே உருகி, ஆறும்போது சட்டென்று இறுகும். 60/40 என்பது கிட்டத்தட்ட அதே. காரீயம் இல்லாதவை 217 முதல் 227 டிகிரி கேட்கும், வெள்ளீயம் அதிகம் என்பதால் முனையையும் சீக்கிரம் அரிக்கும், கற்றுக்கொள்பவருக்கு எதற்கு அந்தச் சிரமம்? 0.8 மில்லிமீட்டர், நடுவில் ரோசின் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். குழாய் வேலைக்கு விற்கும் அமில ஃபிளக்ஸ் வேண்டவே வேண்டாம். ஈயத்தை முனையில் எடுத்துக்கொண்டு போய் இணைப்பில் தடவுவதும் வேண்டாம். போகும் வழியிலேயே ஃபிளக்ஸ் புகையாகிவிடும். இணைப்பை அயர்னால் சூடாக்கி, இணைப்பில் ஈயத்தைக் கொடுங்கள். அந்தப் புகை காரீயம் அல்ல, ரோசின். ஆனாலும் நாள்பட்டு மூச்சிழுப்பு வரவழைக்கக்கூடியது, குனிந்து முகர வேண்டாம். காரீயம் இருப்பது விரலில், எனவே முறுக்கைத் தொடும்முன் கை கழுவுங்கள்.

மின்தடை வந்தால் நாம் எழுந்துபோய்விடுவோம், மின்சாரம் திரும்பியதும் அயர்ன் தானாகச் சூடேறும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு எழுங்கள். திருகாணி வைத்த சாதாரண அயர்ன் என்றால் மாதம் ஒருமுறை, ஆறியிருக்கும்போது, முனையைக் கழற்றி உள்ளே சேர்ந்த பொடியைத் தட்டிவிடுங்கள். விட்டுவிட்டால் முனை குழாயோடு இறுகி, பிறகு கழற்றவே முடியாது.

நான் ராவிக் கெடுத்த அந்த 25 வாட் இன்னும் இருக்கிறது. பிளாஸ்டிக் டப்பாவில் சுவிட்சுக்கு ஓட்டை போட அதைத்தான் எடுப்பேன். நல்ல அயர்னை அந்த வேலைக்கு நான் தொடுவதில்லை, கருகிய பிளாஸ்டிக் ஒருமுறை ஏறினால் அப்புறம் ஈயம் ஒட்டவைக்கப் பாதி நாள் போய்விடும்.