சிவப்பாக இருந்தால் அது பன்னீர் இல்லை: ரோஜாவை முகத்துக்குப் பயன்படுத்துவோர் செய்யும் தவறுகள்

வீட்டில் ரோஜாவை வைத்து முகத்துக்கு ஏதாவது செய்ய ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் அதே சில இடங்களில்தான் வழுக்குகிறார்கள். நாமும் அங்கே விழுந்து எழுந்தவர்கள்தான். இதழைக் கழுவுங்கள், பாட்டிலைக் கழுவுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடலாம். பூவும் காசும் வீணாகிற இடங்களை மட்டும் பார்ப்போம்.

கண்ணால் பூ வாங்குவது

பாரிமுனைப் பூக்கடைப் பக்கம் போனால் நீளக் காம்போடு நிற்கும் ஓசூர் ரோஜாதான் முதலில் கண்ணில் படும். அது பொக்கேவுக்கு வளர்த்த பூ. மணம் குறைவு, பூச்சிமருந்து அதிகம். ‘உதிரி பன்னீர் ரோஜா’ என்று கேளுங்கள். இதழ் தளர்வாக, தொட்டால் உதிர்கிற மாதிரி இருக்கும். வாங்கும் முன் மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் பூ புழுங்கத் தொடங்கிவிட்டது, மணத்தில் பாதி போயிருக்கும். முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து விடியற்காலையில் போனால் விலையும் குறையும், பூவும் புதிதாகக் கிடைக்கும்.

கல்யாணப் பன்னீர்

பன்னீர்ச் சொம்பிலிருந்து தெளிக்க மட்டும். முகத்துக்கு வேண்டாம்.

கொதிக்கவைத்த தண்ணீரைப் ‘பன்னீர்’ என்று மாதக்கணக்கில் வைப்பது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிற தவறு இது. அரைக் கிலோ பூவை வாங்கி, இதழைப் பிய்த்து, தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஸ்பிரே பாட்டிலில் ஊற்றிக் கண்ணாடி மேஜையில் வைத்துவிடுகிறார்கள். நிறம் அழகாக இருக்கும். சென்னை வெயிலில் இரண்டாம் நாள் லேசாகக் கலங்கும். மூன்றாம் நாள் அடியில் நூல் நூலாகச் சளி மாதிரி மிதக்கும், புளித்த வாடை வரும். அதற்கு மேல் எலுமிச்சை பிழிந்தால் நிறம் மறுபடியும் பளிச்சென்று சிவக்கும். “பாருங்க, நல்லாத்தான் இருக்கு” என்று அதையே முகத்தில் அடித்துக்கொள்வார்கள். ரோஜாவின் நிறமி புளிப்பு பட்டால் சிவக்கும், அவ்வளவுதான். கிருமி போனதற்கு அது அடையாளம் அல்ல. எலுமிச்சைச் சாறு தோலில் இருக்கும்போதே வெயிலில் போனால் கரும்படையோ கொப்புளமோ வருவதும் உண்டு.

கொதிநீரில் இதழின் சர்க்கரை, பசை, துவர்ப்பு எல்லாம் இறங்கிவிடும். கிருமிக்கு அது விருந்து. பன்னீர் என்பது ஆவியைக் குளிரவைத்துப் பிடித்த நீர். சர்க்கரையும் நிறமும் ஆவியோடு ஏறாது, மணம் மட்டுமே ஏறும். அதனால் உண்மையான பன்னீர் பச்சைத் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். வைட்டமின் சியும் ஆவியில் ஏறாது. பாட்டிலில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி.

இதழ் ஊறிய கொதிநீருக்கும் பன்னீருக்கும் தனித்தனி வேலை உண்டு. துவர்ப்பு கொதிநீரில்தான் இருக்கிறது. எண்ணெய் வழியும் முகத்தைக் கொஞ்சம் இறுக்கிக் கொடுப்பது அதுதான். ஒரு கைப்பிடி இதழ், ஒரு டம்ளர் சுடுநீர், மூடி வைத்து இருபது நிமிடம். அன்றைக்கே முல்தானி மட்டியில் குழைத்துத் தீர்த்துவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்தாலும் இரண்டு நாள்தான்.

வைத்துக்கொள்ளப் பன்னீர் வேண்டுமென்றால் இட்லிக் குண்டான் போதும். நடுவில் ஒரு முக்காலி, அதன் மேல் எவர்சில்வர் கிண்ணம். சுற்றிலும் கால் கிலோ இதழ், ஒரு லிட்டர் தண்ணீர். தண்ணீர் கிண்ணத்தின் அடியைத் தொடக்கூடாது. குமிழ் மூடியைக் கவிழ்த்துப் போட்டால் ஆவி மூடியில் பட்டு, நடுவில் வழிந்து கிண்ணத்தில் சொட்டும். மூடியின் மேல் ஐஸ் வையுங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் கிடைக்கும் உடைத்த ஐஸே போதும். ஆனால் பாலித்தீன் பையில் கட்டித்தான் வைக்க வேண்டும். உருகி விளிம்பு வழியாக உள்ளே இறங்கினால் பன்னீரில் மீன் வாடை வரும்.

தீ சிறியதாகவே இருக்கட்டும். முப்பது, நாற்பது நிமிடத்தில் சுமார் கால் லிட்டர் சேரும். அங்கே நிறுத்துங்கள். முதலில் வருவதில்தான் மணம் அதிகம். ஆசைப்பட்டு இழுத்தால் வெந்த கீரை வாடை வரும், அடிபிடித்தால் எல்லாமே கெட்டது. கிண்ணத்தில் இளஞ்சிவப்பு தெரிந்தால் தீ கூடி, கொதிநீர் துள்ளி விழுந்திருக்கிறது என்று பொருள். அதைப் பன்னீர்க் கணக்கில் சேர்க்காமல் அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள். தெளிவாக வந்ததை, கொதிக்கும் வெறும் தண்ணீரில் கழுவி உலர்த்திய கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு மாதம் வரை பயன்படுத்தலாம். கலங்கினால் கொட்டிவிடுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து

வடசென்னையில் இதைச் சொல்லியாக வேண்டும். போர் தண்ணீரின் உப்பு ஆவியில் ஏறாது, ஆனால் கொதிநீரில் அப்படியே இருக்கும். மெட்ரோ தண்ணீரின் குளோரின் வாடையோ ஆவியோடு சேர்ந்து வரும். இதழ் போடும் முன் தண்ணீரை மட்டும் பத்து நிமிடம் திறந்து கொதிக்கவிடுங்கள். எண்ணெய் வாடை அடிக்கும் நிலத்தடி நீரை எதற்கும் தொட வேண்டாம். காய்ச்சினாலும் அந்த வாடை ஆவியோடு வந்துவிடும்.

இரும்புச் சட்டி

துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை. எவர்சில்வர் எடுங்கள்.

‘சுத்தமான ரோஸ் ஆயில்’

ஒரு கிலோ எண்ணெய்க்கு மூன்று நான்கு டன் பூ வேண்டும். நூறு ரூபாய் பாட்டிலில் என்ன இருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கிளிசரின்

பாதிக்குப் பாதி கலக்கிறார்கள். கடற்கரை ஊர்க் காற்றில் முகம் பிசுபிசுத்து, எண்ணூர் சாலையின் லாரிப் புழுதி முழுக்க ஒட்டிக்கொள்ளும். பத்துப் பங்கு பன்னீருக்கு ஒரு பங்கு போதும். வெளியே போய் வந்தால் முதலில் முகத்தைக் கழுவிவிட்டுப் பிறகு தெளியுங்கள். புழுதியின் மேல் தெளித்துத் துடைப்பது மணல் காகிதத்தால் தேய்ப்பதற்குச் சமம்.

இதழ்ப் பொடி

மொட்டைமாடி வெயிலில் காயவைத்தால் மணம் போய், கரித்தூள் சேரும். வீட்டுக்குள் நிழலில், மின்விசிறிக் காற்றில் மூன்று நான்கு நாள் வையுங்கள். நொறுங்கும் பதத்தில் அரைத்து மெல்லிய துணியில் சலிக்க வேண்டும். திப்பி தோலைக் கீறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம், பூஞ்சை பிடிக்கும். பூசும் முன் முழங்கை உள்மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ ரோஜா உங்களுக்கு ஒத்துவரவில்லை.

கண்ணில் விடுவது

கூடாது. வீட்டில் இறக்கிய பன்னீர் கிருமி நீக்கியது அல்ல.