வட்ட இயக்கக் கணக்கில் ஆரத்தைத் தொடும் முன்

பிளஸ் ஒன் இயற்பியலில் சீரான வட்ட இயக்கம் நடத்தி முடித்ததும் வைக்கும் தேர்வில், வருடா வருடம் அதே தவறுகள்தான் திரும்பி வருகின்றன. வர்க்கம் போட மறப்பது, விட்டத்தை ஆரமாக எடுப்பது, மணிக்குக் கிலோமீட்டரில் கொடுத்த வேகத்தை அப்படியே போடுவது போன்றவை இரண்டு தடவை மார்க் போனால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளே சறுக்குகிற இடங்களைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

"ஆரம் கூடினால் முடுக்கம் குறையும்" என்ற மனப்பாடம்

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். காரணம், இது கவனக்குறைவால் வருவதில்லை, பாடத்தைப் படித்த விதத்திலேயே வருகிறது.

வட்டத்தில் சுற்றும் பொருளுக்கு மையத்தை நோக்கி இருக்கும் முடுக்கம்தான் மையநோக்கு முடுக்கம். அதற்கு முதலில் படிப்பது 'வேகத்தின் வர்க்கம் ÷ ஆரம்'. ஆரம் கீழே இருப்பதால், முடுக்கம் ஆரத்துக்கு எதிர்த்தகவு என்று மனதில் பதிந்துவிடுகிறது. அப்புறம் 'கோணத் திசைவேகத்தின் வர்க்கம் × ஆரம்' வருகிறது (கோணத் திசைவேகம் என்பது வினாடிக்கு எத்தனை ரேடியன் திரும்புகிறது என்பது). இங்கே ஆரம் மேலே இருக்கிறது. இரண்டும் ஒரே சூத்திரம்தான், வேகம் என்பது ஆரம் பெருக்கல் கோணத் திசைவேகம் என்பதால் ஒன்றிலிருந்து மற்றது வந்துவிடும். அப்படியானால் ஆரம் இரு மடங்கானால் முடுக்கம் கூடுமா, குறையுமா? இந்தக் கேள்வியைத் தனக்குத்தானே கேட்டுக்கொள்ளாத மாணவர், முதலில் படித்ததையே பிடித்துக்கொள்கிறார்.

வகுப்பில் நான் சீலிங் ஃபேனைக் காட்டிக் கேட்பேன். 1200 மில்லிமீட்டர் ஃபேன் என்றால் இறக்கையின் நுனி மையத்திலிருந்து 0.6 மீட்டர். நிமிடத்துக்கு 350 சுற்று என்று வைத்தால் கோணத் திசைவேகம் வினாடிக்குச் சுமார் 36.65 ரேடியன், நுனியின் வேகம் வினாடிக்கு 22 மீட்டர். முடுக்கம் ஏறக்குறைய 806 மீ/வி², புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 82 மடங்கு. இதுவரை எல்லோரும் சரியாகப் போட்டுவிடுவார்கள். அடுத்து, இறக்கையின் நடுவில், அதாவது 0.3 மீட்டரில் எவ்வளவு?

ஒரு மாணவி கரும்பலகையில் 484 ÷ 0.3 என்று எழுதி 1613 என்று முடித்தார். அலகெல்லாம் சுத்தமாக இருந்தது.

"ஏம்மா, நடுவில் இருக்கிற புள்ளி என்ன வேகத்தில் போகுது?"

"அதே 22தான் சார். ஃபேன் வேகம் மாறலையே!"

சிக்கல் அந்தப் பதிலில்தான் இருக்கிறது. மாறாதது ஃபேன் ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்ளும் நேரம். நுனியும் நடுவும் ஒரே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கின்றன. நடுப்புள்ளிக்குத் தூரம் பாதி என்பதால் வேகமும் பாதி, வினாடிக்கு 11 மீட்டர். 121 ÷ 0.3 போட்டால் 403 வருகிறது. நுனியில் இருப்பதில் சரியாகப் பாதி. நுனியின் வேகத்தையும் நடுவின் ஆரத்தையும் ஒரே வரியில் சேர்த்ததால் விடை நாலு மடங்காகிவிட்டது.

சரி, அப்படியானால் எதிர்த்தகவு எப்போது உண்மை? வேகமே மாறாமல் இருக்கும்போது. மலைச்சாலையில் மணிக்கு 36 கிலோமீட்டரில், அதாவது வினாடிக்கு 10 மீட்டரில் போகும் பேருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டர் ஆர வளைவில் முடுக்கம் 2 மீ/வி². ஆரம் 25 மீட்டரானால் 4. கொண்டை ஊசி வளைவில் ஆரம் 12.5 மீட்டருக்கு இறங்கினால் 8. அந்த அளவுக்குப் பேருந்தைத் திருப்ப டயருக்குப் பிடிப்புப் போதாது என்பதால்தான் ஓட்டுநர் அதற்கு முன்பே வேகத்தைக் குறைக்கிறார்.

இதோடு முடியவில்லை. துணைக்கோள்களில் வேகமும் மாறும், சுற்றுக்காலமும் மாறும். இரண்டையும் முடிவு செய்வது ஈர்ப்பு விசை. அங்கே முடுக்கம் ஆரத்தின் வர்க்கத்துக்கு எதிர்த்தகவு. நியூட்டன் 1687-இல் வெளியான தம் பிரின்சிபியாவில் நிலாவை வைத்துச் சரிபார்த்தது இதைத்தான். நிலா, பூமியின் ஆரத்தைப் போல ஏறக்குறைய 60 மடங்கு தூரத்தில் இருக்கிறது. அதனால் அதன் முடுக்கம் 9.8-இல் 3600-இல் ஒரு பங்கு, 0.0027 மீ/வி². 3,84,400 கிலோமீட்டர் ஆரத்தையும் 27.3 நாள் சுற்றுக்காலத்தையும் வைத்துத் தனியாகக் கணக்கிட்டாலும் அதே 0.0027 வருகிறது. இங்கே போய் "60 மடங்கு தூரம், அதனால் 60-இல் ஒரு பங்கு" என்று எழுதினால் விடை அறுபது மடங்கு தப்பு.

ஒரே சூத்திரத்தில் ஆரத்தோடு கூடுவதும் உண்டு, குறைவதும் உண்டு, வர்க்கத்தில் குறைவதும் உண்டு. எனவே விகிதக் கணக்கு வந்தால் பேனாவை எடுத்ததும் ஓரத்தில் 'எது மாறாதது?' என்று எழுதுங்கள். வேகமா, சுற்றுக்காலமா, ஈர்க்கும் பொருளா? அதை எழுதாமல் ஆரத்தைத் தொடாதீர்கள். நீட் தேர்வில் சரியான விடைக்கு 4 மார்க், தவறுக்கு ஒன்று கழிவு. இப்படி ஒரு கேள்வி தவறினால் ஐந்து மார்க் வித்தியாசம்.

ஆர்பிஎம்-ஐ (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) மாற்றாமல் போடுவது

வினாடிக்கு ரேடியனாக மாற்றாமல் போட்டால் கோணத் திசைவேகம் சுமார் 9.55 மடங்கு பெரிதாகிவிடும். வர்க்கம் வருவதால் விடை 91 மடங்கு பெருத்துவிடும்.

உயரத்தை ஆரம் என்று எடுப்பது

சர்வதேச விண்வெளி நிலையம் தரையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், வினாடிக்கு 7.67 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. வட்டத்தின் மையம் பூமியின் மையம். ஆகவே ஆரம், பூமியின் சராசரி ஆரமான 6371-உடன் 400-ஐக் கூட்டி, 6771 கிலோமீட்டர். முடுக்கம் 8.7 மீ/வி². 400-ஐ மட்டும் போடுகிறவர்களுக்கு 147 வருகிறது. தரையிலேயே 9.8தான், அதைவிட மேலே போனால் எப்படி 147 ஆகும் என்று ஒரு கணம் நிற்க வேண்டும். பலர் அந்த எண்ணை அடிக்கோடிட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள்.

மையவிலக்கு விசையை விசைப்படத்தில் சேர்ப்பது

மையத்திலிருந்து வெளியே தள்ளுவதுபோலத் தோன்றும் இந்த விசை, பொருளோடு சேர்ந்து சுற்றுகிறவர் பார்வையில் மட்டுமே வருவது. தரையில் நின்று பார்த்துக் கணக்குப் போடும்போது சேர்க்காதீர்கள்.

சராசரி முடுக்கத்துக்கும் அதே சூத்திரம்

வினாடிக்கு 10 மீட்டர் வேகம், 5 மீட்டர் ஆரம் என்றால் எந்தக் கணத்திலும் முடுக்கம் 20 மீ/வி². அரைச் சுற்றுக்குச் சராசரி கேட்டால் 20 என்று எழுதக்கூடாது. அரைச் சுற்றில் திசைவேகம் நேர் எதிராகத் திரும்புவதால் மாற்றம் 20 மீ/வி, நேரம் 1.57 வினாடி, சராசரி 12.7 மீ/வி². முழுச் சுற்றுக்குச் சுழி.

பூமியின் சுழற்சியில் எந்த வட்டம்?

சென்னையில் நிற்கிறவர் பூமியோடு சேர்ந்து சுற்றும் வட்டத்தின் மையம் பூமியின் மையம் அல்ல, அச்சின் மேல் இருக்கும் ஒரு புள்ளி. சென்னையின் அட்சரேகை 13 பாகை, ஆகவே ஆரம், பூமியின் நிலநடுக்கோட்டு ஆரமான 6378-ஐ 13 பாகையின் கொசைனால் பெருக்கி வரும் 6214 கிலோமீட்டர். முடுக்கம் 0.0330 மீ/வி². நிலநடுக்கோட்டில் 0.0339. இரண்டும் நெருக்கமாக இருப்பதால் கொசைனை விட்டாலும் விடை சரிபோலத் தெரியும், ஆனால் திசை தவறு: அம்புக்குறி அச்சுக்குச் செங்குத்தாகப் போக வேண்டும். லண்டனுக்கு, 51.5 பாகையில், அதே கணக்கைப் போட்டால் 0.021 வரும். கொசைனை மறந்தவருக்கு அங்கே எண்ணும் தவறிவிடும்.